சதுரக் காசின் இலக்கம்

புதன்கிழமை காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. இமெல்டா அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு, தான் போகப்போவதில்லை என்று சொன்னாள்.

மகள் அஜிதா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கழுத்தில், தைரொயிட் சுரப்பியின் வலது பக்கத்தில் ஒரு கட்டி இருந்தது. ஊசியால் குத்தி எடுத்துச் சோதித்ததில் எதுவும் திட்டமாகத் தெரியவில்லை. வெட்டி எடுத்தால்தான் சொல்லலாம் என்று டொக்டர் சொன்னார். அந்தத் திகதிக்காக ஐந்து மாதம் காத்திருந்தார்கள். தவறவிட்டால் திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும்.

"ஏனம்மா?"

"நேர்த்தி முடியேல்லை. அதை வைச்சுக்கொண்டு கத்திக்குக் கீழ போய்ப் படுக்க என்னால ஏலாது."

அந்த நேர்த்திக்கடனின் கதை அஜிதாவுக்குத் தெரியும். தொண்ணூற்றொன்பதில், மன்னாரில் பெரியம்மாவோடு விடப்பட்டிருந்த அண்ணன் றஜிந்தனிடமிருந்து பதினொரு மாதமாகக் கடிதமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. வன்னிக்குள் போய்விட்டார்கள் என்றார் ஒருவர். இந்தியாவுக்குப் படகேறிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். அப்போது அம்மாவும் அஜிதாவும் மொன்றியலின் சென்ட் லோரன்டில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தார்கள். அப்பா இறந்து இரண்டு வருடம். றஜிந்தன் கைக்குழந்தையாக இருந்தபோது அவனுடைய அரைஞாணில் கோத்திருந்த ஓட்டைக் காசொன்று அம்மாவிடம் இருந்தது. அதை நீலத் துணியில் முடிந்து, பின்வளவில் நின்ற மேப்பிள் மரத்தில் கட்டினாள். மகன் கண்முன்னால் வந்து நின்றால் அதே காசை றிகோ மலையிலுள்ள லூர்து மாதாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பதாக நேர்ந்துகொண்டாள்.

மகன் வந்துவிட்டான். ஆறு வருடம் கழித்து, இந்த ஏப்ரலில். வந்த வழியைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. இதற்கிடையில் அவர்கள் லவாலுக்கு வீடு மாறியிருந்தார்கள். மகன் வந்த அடுத்த கிழமையே அம்மா பழைய வீட்டுக்குப் போய் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். துணியும் இல்லை, காசும் இல்லை.

"வேறை காசு போட்டாலும் சரியெண்டு பங்குச் சாமியார் சொன்னவரெல்லோ?"

"சாமியார் நல்ல மனுசன்," என்றாள் அம்மா. "ஆனா அவருக்குப் பிள்ளையள் இல்லை."

அதற்குமேல் அந்தப் பேச்சை இழுக்க முடியாது என்று அஜிதாவுக்கு விளங்கியது. அவளுக்கு நேர்த்தியில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் கட்டியின் அளவு அவளுக்குத் தெரியும், இரண்டு புள்ளி மூன்று சென்ரிமீற்றர். எழுந்துபோய் கிறகரி மாமாவுக்கு ஃபோன் எடுத்தாள்.

கிறகரி, அம்மாவின் தம்பி. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு, களஞ்சியமொன்றில் வேலை, பழைய காசில் பைத்தியம். இலங்கைக் காசு, கனடாக் காசு எல்லாவற்றுக்கும் தனித்தனி அல்பம் வைத்திருந்தார். மூன்று வருடத்துக்கு முன்பு, நிலத்துக்குள் கிடக்கும் காசைக் கண்டுபிடிக்கிற டிடெக்டர் ஒன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்த கமக்காரர் ஒருவரின் வயலில் அதைத் தூக்கிக்கொண்டு திரிவார். இதுவரை அகப்பட்டதில் சொல்லக்கூடியது ஒரேயொரு வெள்ளிக் காசு, முப்பத்தாறாம் ஆண்டின் இருபத்தைந்து சதம். அதைப் பார்க்காத ஆள் மொன்றியலில் இல்லை.

"என்னட்டை முதலே சொல்லியிருக்கலாமே!" என்றார் மாமா. "அரை மணித்தியால வேலை. சனிக்கிழமை வாறன்."

பழைய வீட்டுக்காரியிடம் அனுமதி கேட்கும் வேலை அஜிதாவின் தலையில் விழுந்தது. மதாம் பிலோன் இன்னமும் மேல்தளத்திலேயே இருந்தாள். அஜிதா கேட்கவேண்டியதை நான்கு வரியில் பிரெஞ்சில் எழுதி, இரண்டு தரம் வாசித்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் இலக்கத்தை அழுத்தினாள். முதல் வரி முடிவதற்குள் மதாம் பிலோன் "வாங்கோ, வாங்கோ" என்று சொல்லிவிட்டாள். மிச்ச மூன்று வரியும் பயன்படவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் பின்வளவில் நின்றார்கள். வளவென்று சொன்னாலும் பத்து மீற்றர் நீளம், ஆறு மீற்றர் அகலம். ஒரு மூலையில் மேப்பிள். மரத்திலிருந்து வீட்டுச் சுவர்வரை மதாம் பிலோனின் உடுப்புக் காயவிடும் கம்பி. வேலிக்கு அப்பால் மின்சாரக் கம்பிகள்.

மாமா காரின் பின்பக்கத்தைத் திறந்து காசு அல்பத்தை எடுத்தார். "அக்கா, முதல்ல காசு எதெண்டு காட்டுங்கோ. எதைத் தேடுறமெண்டு தெரியவேணும்."

அம்மா பக்கங்களைப் புரட்டாமல் நேராக விரலை வைத்தாள். முனைகள் மழுங்கிய, சிலோன் காலத்துச் சதுர ஐந்து சதம், ஆறாம் ஜோர்ஜின் தலை போட்டது. "இதுதான். ஆனா என்ரயில ஓட்டை இருக்கு."

மாமாவிடம் மூன்று கொயில்கள் இருந்தன. கொயில் என்பது டிடெக்டரின் அடியில் பூட்டுகிற வட்டத் தட்டு. நிலத்தை முகர்வது அதுதான். மாமா மிகப் பெரியதை எடுத்துப் பூட்டினார். சின்னச் சுளகு அளவு இருந்தது.

"பதினைஞ்சு அங்குலம். எவ்வளவு ஆழத்தில கிடந்தாலும் விடாது. பார், இதில 'காசு' எண்டு போட்டு வைச்சால் ஆணி, தகரம், பியர் ரின்னைத் திறக்கிற வளையம் ஒண்டுக்கும் வாய் திறக்காது. காசுக்கு மட்டும்தான் கத்தும்."

றஜிந்தன் சீமெந்துப் பாதையில் நின்றான். புல்லில் கால் வைக்கவில்லை. "எங்கட பக்கம் இப்பிடி ஒண்டு கத்தினா மிதிவெடியெண்டு ஓடுவம், மாமா. நீங்கள் கிட்டப் போறியள்."

"இஞ்ச வெடிக்கிறதெண்டால் உன்ர கொம்மாவின்ர வாய்தான்," என்றார் மாமா.

மரத்தடியிலிருந்து மூன்று மீற்றருக்குத் தட்டை வீசினார். இடைக்கிடை சம்பந்தமில்லாமல் முனகியதைத் தவிர டிடெக்டர் அமைதியாக இருந்தது. இருபது நிமிடம் கழித்து ஒரு சத்தம் வந்தது. தோண்டினால் கனடாவின் ஒரு சதச் செம்புக் காசு, எண்பத்தெட்டாம் ஆண்டு. மாமா அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஒன்றும் இல்லை.

"இல்லை, அக்கா. இந்த வளவில இல்லை. இருந்தால் கத்தியிருக்கும்."

அம்மாவின் முகம் மாறவில்லை. அஜிதாவுக்குத்தான் அது போதவில்லை.

அவள் வேலை செய்த மருந்துத் தொழிற்சாலை அங்கிருந்து ஐந்து நிமிட தூரத்தில் இருந்தது. அங்கே மாத்திரைகள் போத்தலுக்குள் விழுவதற்கு முன்னால் ஒரு டிடெக்டருக்குள்ளால் போகும். எந்திரத்திலிருந்து உடைந்த உலோகத் துணுக்கு ஏதும் கலந்திருந்தால் அது தள்ளிவிடும். மணிக்கு ஒரு தடவை அஜிதா மூன்று குச்சிகளை அதற்குள் விட்டுப் பார்ப்பாள். ஒன்றின் நுனியில் இரும்புக் குண்டு, ஒன்றில் பித்தளை, ஒன்றில் துருப்பிடிக்காத உருக்கு, எல்லாம் கடுகளவு. மூன்றையும் எந்திரம் பிடித்தால்தான் அந்த ஒரு மணித்தியால மாத்திரை வெளியே போகலாம். ஒன்றை விட்டாலும் எல்லாவற்றையும் மறிக்கவேண்டும். எந்திரம் சத்தம் போடவில்லை என்பதற்கு அந்த இடத்தில் ஒரு மதிப்பும் இல்லை.

"மாமா, இது எதை வைச்சுச் சோதிச்சனீங்கள்?"

"சோதிக்கிறதோ? கனடாக் காசு முழுக்கக் காட்டும், மருமகள். அமெரிக்கக் காசும் காட்டும்."

"சதுரக் காசு?"

 மாமா அல்பத்திலிருந்து ஐந்து சதத்தை எடுத்தார். "விளிம்பில பிடி. மேல கை படக்கூடாது."

அஜிதா அதைப் புல்லின்மேல் வைத்தாள். மாமா தட்டை வீசினார். சத்தமில்லை. இன்னும் தாழ்த்தி வீசினார். சத்தமில்லை. பற்றரியைத் தட்டினார். சட்டைப்பையிலிருந்த ஒரு சதத்தைப் பக்கத்தில் போட்டார். டிடெக்டர் துள்ளிக் கத்தியது. அதை எடுத்துவிட்டுச் சதுரக் காசின்மேல் திரும்பவும் வீசினார். வாயே திறக்கவில்லை.

"இது என்ன கோதாரி?"

அஜிதா மெல்லிய குரலில் சொன்னாள். டிடெக்டர் வட்டம், சதுரம் பார்ப்பதில்லை. உலோகத்தில் மின்சாரம் எவ்வளவு இலகுவாக ஓடுகிறது என்று பார்த்து ஒரு இலக்கம் போடுகிறது. வெள்ளிக்கும் செம்புக்கும் பெரிய இலக்கம், ஆணிக்குச் சின்ன இலக்கம். சதுரக் காசில் பித்தளையோடு நிக்கல் கலந்திருக்கிறது. அதன் இலக்கம் நடுவில், பியர் ரின் வளையம் நிற்கிற இடத்தில் நிற்கும். வளையத்துக்குக் கத்தாதே என்று சொல்லிவைத்தால் காசுக்கும் கத்தாது.

"அப்ப எங்கட காசை இது குப்பையெண்டு வைச்சிருக்கு," என்றார் மாமா.

"ஓம்."

"மூண்டு வருசமா!" மாமா வயலை நினைத்திருக்கவேண்டும். "எத்தினையை மிதிச்சுக்கொண்டு நடந்தனோ."

"அந்த வயலில ஆர் மாமா சிலோன் காசைப் போட்டது?" என்றான் றஜிந்தன்.

டிடெக்டர் அஜிதாவின் கைக்கு வந்தது. யாரும் கொடுக்கவில்லை, மாமா அதைச் சுவரில் சாத்திவிட்டுப் போத்தல் தண்ணீர் குடித்தபோது அவள் எடுத்துக்கொண்டாள். தெரிவுகளையெல்லாம் நீக்கி, எந்த உலோகத்துக்கும் கத்தச் சொல்லிவைத்தாள். உடனே கொயில் காற்றிலேயே முனகத் தொடங்கியது. மின்சாரக் கம்பிகளின் தொந்தரவு. உணர்திறனை முனகல் நிற்கும்வரை படிப்படியாகக் குறைத்தாள்.

"அதைக் குறைச்சால் ஆழம் போகாது," என்றார் மாமா.

"ஆறு வருசத்தில காசு ஒரு விரலளவுதான் இறங்கியிருக்கும், மாமா. ஆழம் தேவையில்லை."

பெரிய தட்டோடு மரத்தடியில் ஒரு அடி நகர்த்தினாள். சத்தங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. அவ்வளவு அகலத் தட்டுக்குக் கீழே ஒரே நேரத்தில் ஆணியும் மூடியும் வளையமும் அகப்படுகின்றன. எந்த இலக்கம் எதனுடையது என்று அதற்கே தெரியாது. அவள் அதைக் கழற்றி, மூன்றிலும் சின்னதைப் பூட்டினாள். தேநீர்க் கோப்பையின் கீழ்த்தட்டு அளவு.

"அதைச் சும்மா தந்தவங்கள். விளையாட்டுச் சாமான்," என்றார் மாமா.

சதுரக் காசைத் திரும்பவும் புல்லில் வைத்து, ஐந்து தரம் வீசினாள். நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு, நாற்பது. அம்மாவின் காசில் ஓட்டை இருப்பதால் கொஞ்சம் குறையலாம். முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்துநான்கு வரை எது வந்தாலும் தோண்டுவது என்று தீர்மானித்துக்கொண்டாள். நூல் கட்டி நிலத்தைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்தாள். சத்தம் வந்த இடத்தில் ஐஸ்பழக் குச்சி குத்தினாள். றஜிந்தன் கடைசியில் புல்லுக்கு வந்து, சின்ன மண்வெட்டியால் தோண்டினான். மற்றவர்களைவிட மிக மெதுவாக, ஓரத்திலிருந்து சுரண்டிச் சுரண்டித் தோண்டினான்.

முதல் குச்சியில் ரின் வளையம். இரண்டாவதில் ரின் வளையம். மூன்றாவதற்குப் போகும்போது எந்த இடத்தில் வைத்தாலும் கொயில் கத்தியது. அஜிதா நிமிர்ந்து பார்த்தாள். தட்டுக்கு ஒரு சாண் தள்ளி அம்மா குனிந்து நின்றாள், கையில் ஆறு காப்பு.

"அம்மா, கொஞ்சம் அங்கால நில்லுங்கோ."

"நான் என்ன செய்தன்?"

"கொம்மா மட்டும் இருபது பவுண் காட்டுறா," என்றார் மாமா.

மூன்றாவது குச்சியில், நாற்பது என்று காட்டிய இடத்தில், மாதாவின் சுரூபம் பதித்த அலுமினியப் பதக்கம் கிடந்தது. றஜிந்தன் மண்ணைத் தட்டி உயர்த்திப் பிடித்தான்.

"அதை அதிலயே வை," என்றாள் அம்மா.

"ஏன்?"

"நான்தான் வைச்சனான். மந்திரிச்ச பதக்கம். வைச்ச இடத்தில இருக்கவேணும்."

நான்காவதிலும் பதக்கம். ஐந்தாவதில் வளையம். ஆறாவதில் பதக்கம். அஜிதா டிடெக்டரை நிலத்தில் வைத்தாள்.

"எத்தினை வைச்சனீங்கள், அம்மா?"

"அதெல்லாம் ஆர் எண்ணினது? உன்ர சோதினைக்கு, வீட்டுக்காரியின்ர சுகத்துக்கு, கொண்ணன்ர உயிருக்கு... ஒவ்வொண்டுக்கு ஒண்டு."

"அக்கா, எனக்கும் வைச்சனீங்களோ?"

"உன்ர குடிக்கு ரெண்டு."

றஜிந்தன் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தான். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. "அதுதான் ஒண்டு வேலை செய்யுது," என்றார்.

அலுமினியப் பதக்கத்தின் இலக்கமும் சதுரக் காசின் இலக்கமும் ஏறக்குறைய ஒன்று. எடுத்து அப்புறப்படுத்தவும் முடியாது. அம்மா ஒவ்வொன்றையும் சிலுவை போட்டு அதே குழிக்குள் வைத்து மூடினாள். அஜிதா பதக்கம் உள்ள இடத்தில் குச்சியைத் தலைகீழாகக் குத்தி அடையாளம் வைத்தாள். கொயில் சின்னதாக இருந்தபடியால் பதக்கத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கிடப்பதைத் தனியாகப் பிரித்துக் காட்டியது. அப்படிக் காட்டியதெல்லாம் வளையங்கள்.

மதாம் பிலோன் மேலேயிருந்து எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுவந்தாள். புல்லில் முளைத்திருந்த குச்சிகளைப் பார்த்தாள். ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

ஒரு மணிக்குக் கீற்றுகள் முடிந்தன. முப்பத்தொரு குழி. பதினேழு வளையம், ஒன்பது பதக்கம், மூன்று மூடி, ஒரு சாவி, ஒரு நசுங்கிய அலுமினியப் பற்பசைக் குழாய். காசு இல்லை. அம்மா பின்படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். செபமாலையை எடுக்கவில்லை. கைகளை மடியில் வைத்து, வெறுமனே இருந்தாள்.

"சரி. வெளிக்கிடுவம்," என்றாள்.

"புதன்கிழமை?" என்றாள் அஜிதா.

அம்மா காப்புகளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

மாமா அஜிதாவை வேலியோரம் கூட்டிக்கொண்டு போனார். "என்ர காசில ஒரு ஓட்டை போடுவம். பத்து நிமிசம். ட்ரில் காருக்குள்ள கிடக்கு. கொஞ்சம் மண் பூசி..." அந்தக் காசுக்கு ஓட்டை போட அவருக்கு மனம் வந்தது பெரிய விஷயம். குசுகுசுத்துத்தான் சொன்னார்.

"கிறகரி," என்று படிக்கட்டிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "எனக்குக் கழுத்தில மட்டும்தான் வருத்தம். காது நல்லாக் கேக்கும்."

அஜிதா மரத்தடிக்குத் திரும்பி நூலைச் சுற்றத் தொடங்கினாள். அப்போதுதான் உடுப்புக் கம்பி மரத்தில் போய் முடிகிற இடம் கண்ணில் பட்டது. கம்பியைக் கொளுவிய இரும்புக் கொக்கி இருந்தது, ஆனால் வளைவின் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. சுற்றிவரப் பட்டை உதடு போலத் திரண்டு மிச்சத்தை மூடியிருந்தது.

அவள் மதாம் பிலோனிடம் போனாள். இந்தத் தடவை எழுதிவைத்துக்கொள்ளவில்லை. கொக்கி எப்போதிருந்து அப்படி என்று கேட்டாள். தன் புருஷன் பூட்டியது என்றாள் மதாம் பிலோன். அப்போது ஒரு விரல் நீளம் வெளியே நின்றது, இந்த மரம் எதையும் தின்னும்.

"அம்மா, முடிச்சை எதால கட்டினீங்கள்?"

"சீலைத் துண்டால."

"சீலைத் துண்டால மட்டுமோ?"

"பேந்து, காத்துக்கு விழுந்திடுமெண்டு மேலால தங்கூசி போட்டனான்." தங்கூசி, மன்னாரில் வலை பின்னுகிற நைலோன் நூல். உக்காது, இழுபடாது, அறாது. கறிப்பாத்திரத்தின் பிடியிலிருந்து பெட்டிப் பூட்டு வரை அம்மா எல்லாவற்றையும் அதால்தான் கட்டுவாள். ஊரிலிருந்து வரும்போது ஒரு கட்டை கொண்டுவந்திருந்தாள்.

"இறுக்கியோ கட்டினது?"

"இறுக்காமல்? கடற்காரன் பெஞ்சாதி நான். பதினைஞ்சு சுத்துச் சுத்தி முடிஞ்சனான்."

பதினைந்து சுற்று. ஆறு வருடத்தில் கிளை பருத்திருக்கும், நூல் இடம் கொடுத்திருக்காது. துணி உக்கிப்போயிருக்கும். காசு கீழே விழுவதற்கு வழியில்லை.

"எந்த உயரத்தில?"

"அதெப்பிடிச் சொல்லுறது, மரம் வளர்ந்திருக்குமே."

"கிளை மேல ஏறாது, அம்மா. நுனிதான் வளரும். கட்டின இடம் கட்டின உயரத்திலதான் நிக்கும். வந்து கையை உயர்த்துங்கோ."

அம்மா வந்து மரத்துக்குப் பக்கத்தில் நின்று கையை உயர்த்தினாள். காப்புகள் முழங்கைவரை வழிந்தன. அவளுடைய விரல் எட்டிய உயரத்தில் இரண்டு கிளைகள். அஜிதா டிடெக்டரைத் தலைகீழாகப் பிடித்து, சின்னக் கொயிலைக் கிளையோடு ஒட்டி நகர்த்தினாள். கொக்கிக்குக் கிட்டே இரும்பின் தடித்த சத்தம் வந்தது; ஒரு சாண் விலகியதும் நின்றது. முதல் கிளையில் ஒன்றுமில்லை. இரண்டாவது முன்கை அளவு தடிப்பு. அடிமரத்திலிருந்து இரண்டு அடி தள்ளி அதில் ஒரு புடைப்பு இருந்தது. அந்த இடத்தில் டிடெக்டர் கத்தியது.

நாற்பது. மறுபக்கத்திலிருந்து நாற்பத்தொன்று. கீழிருந்து நாற்பது. அவள் பத்துத் தரம் பார்த்தாள்.

"இதுக்குள்ள இருக்கு," என்றாள்.

எல்லோரும் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பார்ப்பதற்குப் பட்டையைத் தவிர எதுவும் இல்லை.

"எங்க? காட்டு," என்றாள் அம்மா.

"காட்ட ஏலாது. உள்ளுக்க இருக்கு."

"கண்ணால காணாமல் எப்பிடிப் பிள்ளை நம்புறது? நீ முப்பத்தொரு தரம் சொன்னாய், முப்பத்தொரு தரமும் வளையமும் மூடியும்தான் வந்தது."

அது சரிதான். அஜிதா பதில் தேடினாள். அவளுக்குக் கதைப்பது எப்போதும் இப்படித்தான். வார்த்தை வரும்போது கேட்டவர் போய்விட்டிருப்பார். அம்மா போகாமல் நின்றாள்.

"நான் இருக்கு எண்டு ஒரு தரமும் சொல்லேல்லை, அம்மா. தோண்டிப் பாப்பம் எண்டுதான் சொன்னனான். இதுக்குத்தான் இருக்கு எண்டு சொல்லுறன். மரத்துக்குள்ள ஒருத்தரும் ரின் வளையம் கட்டேல்லை. பதக்கம் கட்டினீங்களோ?"

"இல்லை."

"இந்த உயரத்தில, இந்த மரத்தில நீங்கள் கட்டினது ஒண்டுதான். இலக்கமும் அதுதான். உங்கட கழுத்துக்குள்ள இருக்கிறதை டொக்டர் கண்ணால கண்டவரோ? மெஷின் காட்டினதைப் பாத்துத்தான் அளவு சொன்னவர். நீங்களும் நம்பித்தான் அஞ்சு மாசமா நித்திரை இல்லாமல் இருக்கிறீங்கள். அந்த மெஷினை நம்பிறீங்கள், இதை ஏன் நம்பேலாது?"

அன்று முழுவதும் அவள் கதைத்ததைக் கூட்டினாலும் இவ்வளவு வராது.  றஜிந்தன் கையை உயர்த்திப் புடைப்பைத் தொட்டு, தடவிப் பார்த்தான். தோண்டும்போது போலவே மெதுவாக.

அம்மா மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.  "மதாமிட்டைக் கேள்," என்றாள். "கிளையை வெட்ட விடுவாவோ எண்டு."

அந்தக் கிளை எப்படியும் தன் கட்டில் விரிப்புகளில் உரசுகிறது என்றாள் மதாம் பிலோன். வாள் அவளுடைய கராஜிலேயே இருந்தது. றஜிந்தன் அடிமரத்தோடு ஒட்டி அறுத்தான். இலைகளை ஒடித்து, நுனியை வெட்டி, புடைப்பு நடுவில் நிற்கும்படி இரண்டடித் துண்டாக்கிப் புல்லில் வைத்தான். அஜிதா அதன்மேல் கொயிலை வீசினாள். நாற்பது.

மாமா உளியோடும் சுத்தியலோடும் காரிலிருந்து வந்தார். கண்கள் மினுங்கின. "ஒரே அடி. நெடுக்காகப் பிளந்தால் காசுக்கு ஒண்டும் ஆகாது. நாப்பத்திமூண்டோ நாப்பத்தைஞ்சோ எண்டு வருசத்தையும் பாத்திடலாம்."

"தொட்டியோ கையை முறிப்பன்," என்றாள் அம்மா.

"அக்கா?"

"நேர்ந்து முடிஞ்சதை அவிட்டுப் பாக்கிறதே? உனக்கு ஆர் ஞானஸ்நானம் தந்தது? முடிஞ்சபடி குடுக்கவேணும். துணி இருந்திருந்தாலும் நான் அவிட்டிருக்க மாட்டன்."

"பிளக்காட்டி உள்ளுக்க என்ன இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?"

"அவள் சொல்லிப்போட்டாள்தானே," என்றாள் அம்மா.

அஜிதாவுக்கும் பிளந்து பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அவள் டிடெக்டரின் சுவிட்சை அணைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. மாமாவின் காரில் நால்வரும் றிகோவுக்குப் போனார்கள். மலைச்சரிவில் திறந்த வெளியில் உட்கார வாங்குகள் போட்டிருந்தன. மேலே பாறையைக் குடைந்த கெபியில் மாதா. கீழே புல்வெளியில் தமிழ்க் குடும்பங்கள் சோற்றுப் பார்சல்களைப் பிரித்துக்கொண்டிருந்தன. மெழுகுதிரிகளுக்குப் பொறுப்பாக நின்ற வயதான வெள்ளைக்காரர், நீலத் துணி சுற்றிய மரத்துண்டை அம்மா கெபியின் கீழே சாத்துவதைக் கண்டு கிட்டே வந்தார். இது என்ன என்று பிரெஞ்சில் கேட்டார்.

"ஒரு நாணயம்," என்றாள் அஜிதா.

அவர் மரத்துண்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுத் திரிகளிடம் திரும்பிப் போனார்.

அம்மா முழந்தாளிட்டாள். றஜிந்தனும் பக்கத்தில் முழந்தாளிட்டான். நீண்ட செபம் எதுவும் இல்லை. ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லும் நேரம்தான். எழும்பும்போது மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்காமல் கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தாள்.

பாதி வழியில் நின்றாள்.

"அஜி, செவ்வாய்க்கிழமை இரவு எத்தினை மணியோட சாப்பாட்டை நிப்பாட்டவேணும்?"

"பன்னிரண்டோட. அதுக்குப் பிறகு தண்ணியும் இல்லை."

"தேத்தண்ணி?"

"தேத்தண்ணியும் இல்லை, அம்மா."

"அப்ப விடிய எழும்பி எப்பிடி ஒரு ஆள் ஆஸ்பத்திரிக்குப் போறது?" என்று சொல்லிக்கொண்டே அம்மா காருக்குள் ஏறினாள்.